சாவியைக் கொடுத்தது யாரு?

குமாஸ்தா வேலைக்குப் புதுசா வந்திருக்கிற தம்பிகளுக்கும், கோட்டு மடிப்புக் கலையாமல் வந்து நிற்கிற ஜூனியர் வக்கீல் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கம் வந்திருந்தேன். டீக்கடையில் நீங்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இந்த ஜனங்க கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லியே ஆயுசு போயிரும்போல." சரிதான். நாற்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக உட்கார்ந்து சொன்னவன் நான். எனக்கு எம்புட்டு போயிருக்கும்?

நான் படித்தது ஆறாங்கிளாஸ், அதிலும் பாதி. ஆனால் என் கை பட்ட கேஸ் கட்டு ஒன்றுகூடக் குறை இருக்கிறது என்று கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் ஆனதில்லை. சட்டம் படித்துவிட்டு வந்தவர்கள் வாய்தா தேதியை என்னிடம்தான் கேட்பார்கள். ஒரு பெரிய வக்கீல், இப்போது மதுரையில் இருக்கிறார், "அண்ணாச்சி, நீங்க மட்டும் படிச்சிருந்தா எங்க பொழப்பு நாறிப்போயிருக்கும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான்.

கேள்வி என்றால் என்னென்ன கேள்வி! "இருவது ரூவா பத்திரத்துல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சுட்டோம், அது செல்லும்ல?" செல்லாது. "வக்கீல் நோட்டீச வாங்காம திருப்பி அனுப்பிட்டா கேஸ் கெடையாதுல்ல?" உண்டு. "பட்டா எம் பேர்ல இருக்கு, பொறவு பத்திரம் எதுக்கு?" நான் என்னத்தைச் சொல்ல! "வாட்ஸ்அப்புல வந்துச்சு, சட்டத்த மாத்திட்டாகளாமே?" எந்தச் சட்டத்தை என்று கேட்டால் தெரியாது. மாற்றியது மட்டும் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பார் ஊற்றும்போது கேட்பார்கள். கண் ஆஸ்பத்திரியில் எனக்கு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார வைத்திருந்தபோதுகூட ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "குரல வச்சுக் கண்டுபிடிச்சேன் அண்ணாச்சி, ஒரு சந்தேகம்" என்றார்.

இதில் தலையாய கேள்வி பன்னெண்டு வருஷக் கேள்வி. பன்னெண்டு வருஷம் இருந்தால் இடம் சொந்தமாகிவிடுமா? நாற்பது வருஷத்தில் இதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று எண்ணியிருந்தால், எண்ணியே பைத்தியம் பிடித்திருக்கும். அந்தச் சலிப்பில் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டுவிட்டு டீக்கடையில் போய்ச் சிரியுங்கள், பரவாயில்லை.

நான் ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன். ஓய்வு பெறுவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால், ஒரு திங்கட்கிழமை. மடியில் இரண்டு கட்டு. பத்தரைக்குள் கோர்ட்டில் இருக்க வேண்டும். பஸ்ஸோ ஆளை ஏற்றி ஏற்றி நகர்கிறது. பக்கத்து சீட்டில் ஒரு ஏட்டையா. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மகாராஜபுரத்துக்காரர். எனக்கு முகப்பழக்கம் உண்டு.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"ஒருத்தர் எடத்துல இன்னொருத்தர் பன்னெண்டு வருசம் இருந்துட்டா, எடம் இருக்கவனுக்கே போயிருமாமே. நெசமா?"

எனக்கு வந்ததே எரிச்சல். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. "ஆமா. அனுபவ பாத்தியம்னு பேரு. பன்னெண்டு வருஷம் கேக்காம விட்டா, பொறவு நீங்க கேக்கவே முடியாது. போச்சுன்னா போச்சுதான்" என்றேன். எந்தக் கேஸில் எந்த ஜட்ஜ் அப்படித் தீர்ப்புச் சொன்னார் என்பதையும் எடுத்துவிட்டேன். முன் சீட்டில் இருந்த ரெண்டு காலேஜ் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இன்னும் கொஞ்சம் குரல் ஏறியது.

"நமக்கில்ல, நம்ம தெருவுல ஒருத்தருக்கு" என்றார் ஏட்டையா.

"யாருக்கா இருந்தாலும் அதான் சட்டம்" என்றேன். பஸ் நின்றது. கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதோடு மறந்தும் போனேன்.

அவர் இடம் என்று சொன்னதும் வயக்காடு, வரப்பு, வேலி என்று நானாக நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பத்து பேரில் எட்டுப் பேர் வரப்புத் தகராறுக்குத்தான் வருவார்கள். என்ன இடம், யார் இருக்கிறது, எப்படி வந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிஷம்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எங்கள் வக்கீல் ஆபீஸுக்கு ஒரு அம்மா வந்தது. நாற்பது வயசு இருக்கும். கழுத்தில் இஞ்சு டேப் அப்படியே தொங்குகிறது, கழற்ற மறந்து பஸ் ஏறியிருக்கிறது. ராஜபாளையத்தில் ஜாக்கெட், நைட்டி தைத்துப் பிழைக்கிறது. புருஷன் இல்லை. ஒரே மகள், பிளஸ் டூ. பரீட்சைக்கு இன்னும் பதினைந்து நாள்.

"அய்யா, நான் குடியிருக்க வீடு வாடகை வீடு. வர்ற சித்திரையோட பன்னெண்டு வருசம். சித்திர வரைக்கும் தாக்குப்பிடிச்சுட்டா வீடு எனக்குத்தான?"

"யாரும்மா சொன்னா?"

"வீட்டுக்காரரேதான் சொன்னாக. மகாராஜபுரத்து ஏட்டையா. கோர்ட்டு குமாஸ்தா ஒருத்தர் பஸ்ஸுல சொன்னாராம், பன்னெண்டு வருசமானா வீடு போயிரும்னு. அதுனால பத்து நாளைக்குச் சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டுத் திரும்பி வா, கணக்கு முறிஞ்சிரும்னாக. மொதல்ல நான் சரின்னுதான் சொன்னேன், கூமாப்பட்டியில அக்கா வீட்டுக்குப் போயிருவோம்னு. பொறவு யோசிச்சேன். வீடு எனக்கு வரப்போவுதுன்னா நான் எதுக்கு வெளிய போவணும்?"

தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. இந்த மனுஷன் முப்பது வருஷம் போலீஸில் இருந்தவர். வீடு போய்விடும் என்று பயந்தவர், எந்த ஆளுக்குப் போய்விடும் என்று பயந்தாரோ அந்த ஆளிடமே போயா சொல்லுவார்?

எங்கள் வக்கீலம்மா உள் ரூமில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைவிட இருபது வயசு சின்னவர்கள். நான் அவர்களுக்குக் கட்டுக் கட்டச் சொல்லிக்கொடுத்தவன் என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். எழுந்து வந்து அந்தம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

"அந்த வீட்டுச் சாவிய உங்க கையில யாரும்மா குடுத்தா?"

"ஏட்டையாதான். நல்ல நாள் பாத்து, வெத்தலபாக்குல வச்சுக் குடுத்தாக. அவிய வீட்டம்மா பால் காய்ச்சப் பாத்திரம் குடுத்தாக."

"அப்ப வீடு அவருதுதாம்மா. அவர் இருக்கச் சொல்லி நீங்க இருக்கீங்க. மாசம் வாடகை குடுக்கீங்க. பன்னெண்டு இல்ல, அம்பது வருஷம் இருந்தாலும் அவருதுதான். அந்தப் பன்னெண்டு வருஷக் கணக்கு, கேக்காம கொள்ளாம ஒருத்தன் வந்து, இது என் எடம்னு உக்காந்துக்கிறான் பாருங்க, அவனுக்கு. அதுலயும் லேசுல கெடச்சிராது."

அந்தம்மா முகம் எப்படிப் போயிற்று என்று எழுதத் தெரியவில்லை. என்னை ஒரு பார்வை, வக்கீலம்மாவை ஒரு பார்வை. "ஏட்டையா உங்களுக்கும் வேண்டியவுகளா?" என்று கேட்டுவிட்டு, எழுந்து போய்விட்டது.

வக்கீலம்மா என்னிடம் கேட்டார்கள். "பஸ்ஸுல சொன்ன குமாஸ்தா யாரு அண்ணாச்சி?"

நான் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

"நெனச்சேன். கேட்டவரு தப்பாக் கேட்டாரு. நீங்க சரியாச் சொன்னீங்க. அதான் வம்பு. தப்பாச் சொல்லியிருந்தா ஒருவேள நல்லாயிருந்திருக்கும்." அவ்வளவுதான். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன்.

மறுநாள் பகல் பதினோரு மணி சுமாருக்கு ஆபீஸுக்குப் போன். அந்தப் பிள்ளை, மகள். அம்மா எங்கள் ஆபீஸ் விசிட்டிங் கார்டை மேஜையில் வைத்திருந்திருக்கிறது. "அய்யா, ஏட்டையா வந்து கரண்டு ஃபீஸ் கட்டையப் பிடுங்கிட்டாரு. மெஷினத் தூக்கி வெளிய வச்சுட்டாரு. அம்மா வாசல்ல படுத்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது." படிக்கிற பிள்ளை, அழாமல்தான் சொன்னது.

பிள்ளைகளா, இங்கேதான் கவனியுங்கள். வீட்டுக்காரர் தானாகப் போய்ச் சாமானை வெளியே வைக்க முடியாது, கரண்டைப் பிடுங்க முடியாது. எதுவானாலும் கோர்ட்டு வழியாகத்தான். தடை உத்தரவுக்கு மனுப் போட்டால் எங்களுக்குக் கிடைத்திருக்கும். அப்படி ஒரு மனுவை நான் தூக்கத்தில்கூடத் தயார் பண்ணுவேன். "போட்ருவோமா அம்மா" என்று கேட்டேன்.

"போட்டா ஜெயிப்போம்" என்றார்கள். "பொறவு அந்தப் பொம்பளையும் பிள்ளையும் அந்த வீட்டுலதான் இருக்கணும். அவரு அந்த வாசலுக்குத்தான் வந்து போவாரு. பதினோரு வருஷம் ஒத்துமையா இருந்தவுங்க. மனு அடிச்சு வைக்கிறேன். சாயங்காலத்துக்குள்ள நீங்க போய் முடிச்சா கிழிச்சுருவோம். முடியலைன்னா நாளைக் காலைல ஃபைல் பண்ணிருவோம்."

"நான் போயி என்ன சொல்ல?"

"பஸ்ஸுல என்ன சொன்னீங்களோ, அதத் திருத்திச் சொல்லுங்க."

சொல்லுவது லேசு. நான் திருத்திச் சொன்ன ஆளா? கோர்ட்டு வளாகத்தில் என் வார்த்தைக்கு ஒரு மதிப்பு இருந்தது, அதை வைத்துத்தான் ஆறாங்கிளாஸ் என்னை யாரும் ஆறாங்கிளாஸ் என்று சொன்னதில்லை. ராஜபாளையம் போகிற வரைக்கும் பஸ்ஸில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

தெருவில் இருபது பேர் கூடி நின்றார்கள். தையல் மெஷின் வெயிலில் நிற்கிறது, ஊசியில் நீலத் துணி மாட்டினபடியே. அந்தம்மா வாசற்படியில் குறுக்கே கிடக்கிறது. பிள்ளை படியில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்து, ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏட்டையா ஃபீஸ் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பழைய நினைப்பில் லத்தி மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க அண்ணாச்சி, சாட்சிக்கு நீங்களே வந்துட்டீக. இவகிட்டச் சொல்லுங்க. பத்து நாளு போயிட்டு வான்னா போவ மாட்டேங்கா. அப்ப இவ திட்டம் என்ன? எம் வீட்ட அமுக்குறதுதான?"

"ஏட்டையா, வாடகைக்கு இருக்கவங்களுக்கு அந்தக் கணக்குக் கெடையாது. உங்க வீடு உங்களுக்குத்தான். எங்கயும் போகாது."

அவர் ஆட்டுவதை நிறுத்தினார். "அன்னைக்குப் போயிரும்னீக."

"அன்னைக்கு நீங்க வாடகைன்னு சொல்லல."

"அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா? நேத்து இவ உங்க ஆபீஸுக்கு வந்தாள்ல? வந்துட்டுப் போன மறுநாளு நீங்க இங்க வந்து நிக்கீக. எம்புட்டு வாங்குனீக?"

கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான். தரையில் கிடந்த அந்தம்மா தலையைத் தூக்கி, "என்கிட்ட எங்க வாங்குனாக? உங்ககிட்டதான் வாங்கியிருப்பாக. வீடு எனக்கில்லன்னுல்ல நேத்து சொன்னாக!" என்றது.

பார்த்தீர்களா? அவருக்குச் சொன்னால் அவள் கட்சி, அவளுக்குச் சொன்னால் அவர் கட்சி. செக்‌ஷன் நம்பர் சொன்னேன், யார் கேட்டார்கள்? ஏட்டையா, "நானும் போலீஸ்ல செக்‌ஷன் பாத்தவந்தான்" என்றுவிட்டு உள்ளே கிடந்த தையல் ஸ்டூலையும் எடுத்து வெளியே வைத்தார். அடுத்து பீரோ. பீரோ வெளியே வந்துவிட்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை. ஆம்பளைகள் இரண்டு பேர் உள்ளே போகச் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். அதைச் சொன்னால் இந்த மனுஷர் நம்புவார். சொன்னால் நான் என்ன ஆவேன் என்பதும் தெரியும்.

"ஏட்டையா, செத்த நேரம் நில்லுங்க. என் வீடு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். வாசல்ல உங்க பேரு போட்டு, நீதிமன்ற குமாஸ்தான்னு பித்தளப் போர்டு தொங்குமே."

"அது என் வீடு இல்ல. வாடகை வீடு."

தெருவே என்னைப் பார்த்தது. ராஜபாளையத்தில் என்னைத் தெரிந்த அத்தனை பேருக்கும் அது என் சொந்த வீடு. சொந்தக் காலில் நின்று கட்டினேன் என்று நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! ஆபீஸில் சொல்லியிருக்கிறேன். வக்கீலம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். என் மகளைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

"இருவத்தி மூணு வருஷமா வாடகை குடுத்துக்கிட்டு இருக்கேன். பன்னெண்டு வருஷக் கணக்கு வாடகைக்காரனுக்கு உண்டுன்னா எனக்கு எப்பவோ அந்த வீடு வந்திருக்கணும். விடிஞ்சா அடைஞ்சா கோர்ட்டுல கெடக்கவன் நான். ஜட்ஜுக்குத் தெரியாத ஓட்டையும் எனக்குத் தெரியும். எனக்கே கெடைக்கலைன்னா, ஜாக்கெட் தைக்கிற இந்தம்மாவுக்கு எங்கிட்டு இருந்துய்யா கெடைக்கும்?"

ஏட்டையா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பவும் வாடகையா?"

"இப்பவும்தான்."

"அந்தப் போர்டு?"

"போர்டு மட்டும் சொந்தம்."

கூட்டம் குபீரென்று சிரித்தது. ஏட்டையாவும் சிரித்துவிட்டார். என் காதெல்லாம் எரிந்தது. ஆனால் உள்ளே போக இருந்த ரெண்டு ஆம்பளைகளும் செருப்பைத் திரும்ப மாட்டினார்கள். ஏட்டையா போய் ஃபீஸைச் சொருகினார். உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. பிள்ளை புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பியது.

அந்தம்மா மட்டும் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டது. "அப்ப நெசமாவே எனக்கு இல்லையாய்யா?"

"இல்லம்மா."

"வெளியச் செவுத்துக்கு வெள்ளையடிச்சேன். பத்து நாளா. நம்ம வீடுதானன்னு."

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். கை எட்டின உயரம் வரை வெள்ளை, அதற்கு மேலே பழைய அழுக்கு. கட்டுகளை எல்லாம் ரிட்டர்ன் ஆகாமல் பார்த்துக்கொண்ட நான், ஒரு பஸ் பதிலில் ஒரு பொம்பளைக்கு வீட்டைக் கொடுத்து, தெருவில் வைத்துத் திரும்ப வாங்கிவிட்டேன். ஏட்டையாவும் அந்தச் சுவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "மேல ஏணி போட்டு நான் அடிச்சுத் தாரேன். நீ மெஷின உள்ள எடு தாயி, நீலத்துணி வெளுத்துரும்" என்றார்.

வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். "கிழிச்சுருங்கம்மா." மறு வாரம் ரெண்டு பேரையும் ஆபீஸில் உட்கார வைத்து வாடகை ஒப்பந்தம் எழுதினோம். பதினோரு வருஷமும் ஒரு துண்டுப் பேப்பர் கிடையாது, எல்லாம் வெத்தலபாக்குதான். எழுதினால் அவளுக்கு உரிமை வந்துவிடுமோ என்று அவருக்கு அடுத்த சந்தேகம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். ஆனால் முதலில் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னேன்.

பிள்ளைகளா, ஜனங்கள் கேள்வியைத் தோலுரித்துக் கொண்டுவருவார்கள். ஆளை மறைப்பார்கள், உறவை மறைப்பார்கள், தெருவில் ஒருத்தருக்கு என்பார்கள். உங்களுக்குப் பதில் தெரிந்த கேள்வியாக இருந்தால் இன்னும் பயந்துகொள்ளுங்கள். யாரு இருக்கா, எப்படி வந்தா, சாவியைக் கொடுத்தது யாரு. எரிச்சல் படுங்கள், எனக்கும் இன்றைக்கு வரை எரிச்சல்தான். கேட்டுவிட்டு எரிச்சல் படுங்கள்.

அன்றைக்குத் தெருவில் நடந்தது முடிந்து வீட்டுக்கு நடந்தேன். எனக்கு முன்னால் சேதி வந்துவிட்டது. ராஜபாளையத்தில் சேதிக்கு பஸ் வேண்டாம். வாசலில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறார், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். இருபத்து மூன்று வருஷத்தில் என்னிடம் உரக்க ஒரு வார்த்தை பேசினதில்லை. அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சம்சாரம் நின்றுகொண்டு, "அடுகண்டி, அடுகண்டி" என்று தூண்டுகிறது. கேளுங்க, கேளுங்க என்று.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம்" என்றார்.

எரிச்சல் வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். "சொல்லுங்க."

"வாடகைக்கு இருந்தா பன்னெண்டு வருசக் கணக்கு கெடையாதுன்னு அங்க சொன்னீங்களாமே. நம்ம வீட்டுக்கும் அதேதானா?"

"அதேதான். இதுக்கு எதுக்குய்யா இம்புட்டுத் தயக்கம்? பன்னெண்டு தாண்டியே பதினோரு வருஷமாச்சு, ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"யார்ட்டக் கேக்க அண்ணாச்சி? எனக்குத் தெரிஞ்ச கோர்ட்டு ஆளு நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க." அவர் கண் வாசல் பக்கம் போயிற்று. "நீங்க பேரு போட்டுப் போர்டு மாட்டுன அன்னைக்கு வீடு போச்சுன்னே நெனச்சுட்டோம். வேண்டாம்னு சொல்லப் பயமா இருந்துச்சு."

நான் போர்டைப் பார்த்தேன். நாலு மூலையிலும் நாலு திருகாணி. வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் சம்சாரம் கையை நீட்டியது. கையில் ஸ்க்ரூ டிரைவர். எத்தனை வருஷமாக எடுத்து வைத்திருந்ததோ.